இழுக்காத முன் சக்கரம்

படாளம்
14.7.2002

அன்புள்ள தம்பி ஏழுமலைக்கு,

அண்ணன் ஜானகிராமன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி சின்னப்பொண்ணு, திவ்யா மூவரும் சௌக்கியம். லடாக்கில் லே மலைக் குளிரில் உன் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணி தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். உன் யூனிட்டுக்கு வருகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு முக்கியமான யோசனை கேட்கத்தான் இந்தக் கடிதம். நெல் விவசாயத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று இரண்டு வருஷமாக ஈ.சி.ஆரில் மனை காட்டிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? போன மாதம் அடையாறிலிருந்து ஒரு பார்ட்டி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும். கோவளம் தாண்டி ஒரு தோப்பு காட்ட, நீ ராணுவ ஏலத்தில் எடுத்துக் கொடுத்த ஜீப்பில் ஏற்றினேன். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து இங்கிலீஷ் பேப்பரை எடுத்து, சீட்டின் மேல் விரித்து, அதற்கு மேல்தான் உட்கார்ந்தாள். இறங்கும்போது பேப்பரை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். தோப்பு வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் திருப்போரூர் புரோக்கர் ஒருவன் ஏசி வண்டியில் கூட்டிப்போய் அதே தோப்பை அதே பார்ட்டிக்கு விற்றான்.

அந்தப் பேப்பர் என் கண்ணை விட்டுப் போகவில்லை, ஏழுமலை.

இப்போது புதிதாக ஒரு மாடல் வந்திருக்கிறது. காடு மேடு எல்லாம் ஏறுமாம். பவர் ஸ்டீயரிங், ஏசி. ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த விலைக்குத் தகுமா? பழைய ஜீப்பை விற்கலாமா? இந்த ஜில்லாவில் வண்டியைப் பற்றி உன்னைவிடத் தெரிந்தவன் எவன்? நீ சொன்னால்தான் ஷோரூம் படியேறுவேன்.

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். திருவிடந்தையில் உன் பேரில் இருக்கிற இருபது சென்ட் சவுக்குத் தோப்புக்குப் பட்டா, வரி வேலைக்காக எனக்கு அதிகாரம் கொடுக்கிற பவர் பத்திரம். ஒவ்வொரு தரமும் உன்னை எப்படி அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைப்பது? பென்சில் குறி போட்ட இடத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மதுராந்தகத்தில் உனக்கு ஒரு பெண் ஜாதகம் வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஜானகிராமன்


மே/பா 56 ஏ.பி.ஓ.
2.8.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். முட்டி குளிருக்குக் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். அண்ணிக்கும் திவ்யாவுக்கும் என் அன்பு.

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து மூன்று நாளாக வொர்க் ஷாப்பில் ஓய்வு கிடைக்கிறபோதெல்லாம் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு பக்கம் ஆகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மணல். மணலில் கனம்தான் எதிரி. நம் ஜீப் சுமார் ஒரு டன். நீங்கள் சொல்கிற வண்டி இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். மணலில் இறங்குவதற்கு முன் எந்த வண்டியானாலும் டயர் காற்றைப் பதினெட்டு பவுண்டுக்கு இறக்க வேண்டும். டயர் சப்பையாகி அகலமாக உட்காரும், புதையாது. ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். இதற்குப் பத்து பைசா செலவில்லை.

இரண்டாவது, முன் சக்கரம். இதுதான் முக்கியம். நம் ஜீப்பில் நாலு சக்கரமும் இழுக்கும். புது மாடல்களில் விலை கூடக் கூட ஏசி வரும், தோல் சீட் வரும், பாட்டுப் பெட்டி வரும். ஆனால் முன் சக்கரத்துக்கு இழுவை வரும் என்று நிச்சயமில்லை. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஷோரூமில் வெட்கப்படாமல் கீழே குனிந்து பாருங்கள். கியர் பாக்ஸிலிருந்து முன்பக்கம் ஒரு கம்பி ராடு போக வேண்டும். படம் போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் அது வெறும் உயரமான கார்.

மூன்றாவது, ரிப்பேர். போன குளிரில் எங்களுக்குப் பரீட்சை பார்க்க ஒரு புது வண்டி வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்தால் ஒயரும் பெட்டியும்தான், எனக்கே கை வைக்க இடமில்லை. பக்கத்தில் நின்ற முப்பது வருஷத்து ஜீப் இரண்டாவது உதையில் எழுந்துகொண்டது. கடல் உப்புக் காற்றில் அந்தப் பெட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. விற்கிறவனுக்கும் தெரியாது.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். தார் ரோட்டில், குடும்பத்தோடு தூரம் போக, புது வண்டி சுகமாகத்தான் இருக்கும். உங்கள் தொழிலோ மணலில். ஆகவே என் தீர்ப்பு: அந்த விலைக்குத் தகாது. நம் ஜீப்புக்கு நாற்பதாயிரம் செலவு செய்து புது சீட், புது கூடாரத் துணி, பச்சைப் பெயின்ட் அடித்துவிடுங்கள். எந்த அம்மாளும் பேப்பர் விரிக்க மாட்டாள்.

பவர் தாள் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
ஏழுமலை


மே/பா 56 ஏ.பி.ஓ.
20.10.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டரை மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் உங்கள் செல் நாலு வார்த்தைக்குள் அறுந்துபோகிறது. கடிதம்தான் தேவலை.

ஜீப்புக்கு சீட் போட்டாயிற்றா? பச்சை வேண்டாம் என்றால் மண் நிறம் அடியுங்கள்.

2004 மார்ச்சில் எனக்கு இருபது வருஷம் முடிகிறது. பென்ஷன் எழுதிவிட்டு வந்துவிடுகிறேன். தோப்பில் ரோட்டை ஒட்டிப் பத்து சென்ட்டில் தகரக் கூரை போட்டு வொர்க் ஷாப். பின்னால் ஒரு அறை, எனக்கு. மிச்சச் சவுக்கு அப்படியே நிற்கட்டும், நிழலுக்கு. திவ்யாவுக்குத் தனியாகப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். அவள்தான் போன லீவில், "போர்டு நான்தான் எழுதுவேன் சித்தப்பா" என்றாள்.

நம் ஜீப்பைத்தான் வாசலில் நிறுத்தப்போகிறேன். அதைவிட நல்ல போர்டு எது?

உங்கள் தம்பி
ஏழுமலை


படாளம்
9.11.2002

தம்பி ஏழுமலைக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தீபாவளி நன்றாக நடந்தது.

வண்டி எடுத்தாயிற்று. சில்வர் கலர். இருக்கிற மாடலிலேயே மேல் மாடல். திருவிடந்தைப் பெருமாள் சந்நிதியில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தோம். உன் அண்ணி முன் சீட்டில் உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

பழைய ஜீப்பைக் கோவளத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற தேவசகாயத்துக்குக் கொடுத்துவிட்டேன். தெரிந்த மனுஷன்.

நீ அனுப்பிய தாள் வந்தது. வேலை நடக்கிறது. மதுராந்தகத்துப் பெண் தட்டிப்போயிற்று. வேறு பார்க்கிறோம்.

உன் அண்ணன்
ஜானகிராமன்


மே/பா 56 ஏ.பி.ஓ.
1.12.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே பனி மூடிவிட்டது. ரோடு அடைத்தாயிற்று. கடிதம் விமானத்தில்தான் வரும், தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

வண்டி நல்லபடி ஓடட்டும். எடுத்த பிறகு குறை சொல்லக் கூடாது. ஆனால் நான் எழுதிய நாலு பக்கத்துக்கு நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பதில் எழுதவில்லை. கீழே குனிந்து பார்த்தீர்களா? முன்பக்கம் ராடு போகிறதா?

ஜீப்பைக் கொடுக்கிறதற்கு முன் எனக்கு ஒரு வரி போட்டிருக்கலாம். 95-ல் இரண்டு மாத லீவு முழுவதும் அதற்குள்ளேயே படுத்து எழுந்தேன். அண்ணி சாப்பாட்டைத் தட்டில் போட்டு வண்டிக்கு அடியில் தள்ளுவார்கள்.

பரவாயில்லை, கொடுத்தது கொடுத்தாயிற்று. ஏழு லட்சம் எப்படிப் புரட்டினீர்கள் என்று எழுதவில்லையே. படாளத்து நிலத்தை அடமானம் வைத்துவிடவில்லையே? அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

உங்கள் தம்பி
ஏழுமலை


படாளம்
19.1.2003

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

திவ்யா எழுதுவது. நலம்தானே? எனக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. அம்மா சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதச் சொல்கிறாள். இனி வருவது அம்மா.

தம்பி, நல்லாகீறியா? முட்டி வலி இன்னா ஆச்சு? பொங்கலுக்கு உன்ன நெனச்சிக்கினேதான் பான வெச்சேன். இங்க எல்லாரும் நல்லாகீறோம். உங்க அண்ணனுக்குத்தான் ஒரு வாரமா மூஞ்சி சரியில்ல.

இன்னான்னா, போன ஞாயித்துக்கெழம தோப்ப அளக்க மெட்ராஸ் பார்ட்டி வந்துச்சு. அங்க இன்னாவோ ஓட்டலு கட்றாங்களாம். அவுரு புது வண்டில அவங்களையும் ஏத்திக்கினு எங்களையும் ஏத்திக்கினாரு. கோயில தாண்டி உன் தோப்புக்கு எறங்கற மணலு கீதே, அங்க போய் பொதஞ்சிக்கிச்சு. ஏசி ஓடுது, பாட்டு ஓடுது, வண்டி மட்டும் ஓடல. "காத்த எறக்குங்க, ஏழுமல அப்டித்தான செய்வான்"னேன். "பார்ட்டி முன்னாடி வாய மூடிக்கினு ஒக்காரு"ன்னாரு. இவுரு மிதிக்க மிதிக்க அது உள்ளார போய்க்கினே கீது.

அப்பறம் தேவசகாயம் வந்தாரு, ஐஸ் ஏத்திக்கினு. எதுல வந்தாரு தெரியுமா? நம்ம ஜீப்புல! எறங்கினாரு, காத்த வுட்டாரு, கயித்த கட்டினாரு, ஒரே இழுப்பு. அந்தப் பார்ட்டியோட பொண்டாட்டி கை தட்டிச்சு. "இந்த ஜீப்பு இன்னா வெல?"ன்னு கேட்டுச்சு. உங்க அண்ணன் அந்தப் பக்கமா திரும்பி கடலப் பாத்துக்கினு நின்னாரு.

அத்த வுடு தம்பி. நான் லெட்டரு போடச் சொன்னது வேற ஒண்ணுக்கு. வண்டி வாங்க உன் தோப்பயே வித்துக்கோ அண்ணான்னு நீயே எழுதினியாமே. ஆகஸ்ட்ல அட்வான்ஸு வாங்கின அன்னிக்கே அவுரு சொன்னாரு. அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல. எந்தத் தம்பி குடுப்பான்? நான் இது வரிக்கும் உனக்கு ஒரு வாய் நன்றி சொல்லல. அந்த வண்டில ஒக்காரும்போதெல்லாம் உன் மேலயே ஒக்கார்ற மாரி கீது. நீ பென்சன் வாங்கிக்கினு வந்தா இந்த வூட்லயே இரு. ரூம்பு ஒண்ணு உனக்குத்தான்.

அம்மா முடித்துவிட்டாள். சித்தப்பா, நான் குனிந்து பார்த்தேன். பின் சக்கரம் மட்டும்தான் சுற்றியது. முன் சக்கரம் சும்மா இருந்தது. நீங்கள் தோப்பைப் பற்றி எழுதிய கடிதத்தைக் காட்டச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். எங்கேயோ வைத்துவிட்டேன் என்கிறார். வொர்க் ஷாப் படம் என் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அது இனிமேல் வேண்டாமா?

அன்புடன்
திவ்யா


மே/பா 56 ஏ.பி.ஓ.
6.2.2003

அண்ணனுக்கு,

நான் சுகம். அங்கே எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடவும்.

அண்ணியின் கடிதம் வந்தது. அவர்களுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. தோப்பு இன்றைக்கு யார் பேரில் இருக்கிறது?

ஏழுமலை


படாளம்
11.3.2003

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு என்று செங்கல்பட்டு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நீ கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் அட்வான்ஸ் வாங்கினேன். உன் பவரை வைத்துப் பத்திரம் போன மாதம் பதிவாயிற்று. இந்த விலை இனி வராது என்று எல்லோரும் சொன்னார்கள். சவுக்கைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? நாலு மனை கைமாறினால் அதைவிடப் பெரிதாகக் கேளம்பாக்கம் பக்கம் உனக்கு வாங்கித் தருகிறேன். அதற்கு வண்டி வேண்டாமா? மணலில் போவதற்காக நான் அதை வாங்கவில்லை. பார்ட்டி என்னை நம்புவதற்காக வாங்கினேன். அது உன் நாலு பக்கத்தில் எங்கேயாவது இருந்ததா?

இன்னொன்றும் சொல்கிறேன். ஏழு வருஷம் அந்த ஜீப்பை ஓட்டினேன். எங்கே நிறுத்தினாலும், "இது உன் தம்பி குடுத்த வண்டிதானே?" என்றுதான் கேட்பார்கள். படாளத்தில் ஒருத்தன்கூட அதை ஜானகிராமன் வண்டி என்று சொன்னதில்லை. நீ வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவாய். மிச்சப் பதினோரு மாதம் இங்கே இருப்பவன் நான்.

வண்டி கம்பெனி வொர்க் ஷாப்பில் நிற்கிறது. ஏதோ பெட்டியில் உப்பு இறங்கிவிட்டதாம். சாமான் வர ஒரு மாதம் ஆகுமாம்.

அண்ணியிடம் இதை எல்லாம் எழுதாதே. செய்யூரில் ஒரு பெண் இருக்கிறதாம். விசாரிக்கிறேன்.

அண்ணன்
ஜானகிராமன்


கோவளம்
28.3.2003

மதிப்புள்ள ஏழுமலை சாருக்கு,

தேவசகாயம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் பிள்ளைகளும் நலம். தங்கள் நலத்துக்கும் ஜெபிக்கிறோம்.

ஜீப்பைத் திரும்ப விலைக்குக் கேட்டு எழுதியிருந்தீர்கள். சார் மன்னிக்கணும், மனசு வரவில்லை. ஐஸ் பெட்டி எட்டு ஏற்றினாலும் மணலில் தாய் வீட்டுக்குப் போகிற மாதிரி போகிறது. இன்னும் என் வீட்டில் அதை மிலிட்டரிக்காரர் வண்டி என்றுதான் சொல்கிறோம்.

எப்போது வாங்கினேன் என்றும் கேட்டிருந்தீர்கள். தேதி மறக்காது. போன வருஷம் ஜூன் 29. ராயப்பர் சின்னப்பர் திருநாள், நாங்கள் கடலுக்குப் போகாத நாள். அன்றைக்குத்தான் உங்கள் அண்ணன் கொண்டுவந்து சாவியைக் கொடுத்தார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார்.

சொல்லலாமோ கூடாதோ தெரியவில்லை. உங்கள் அண்ணன் வண்டி ரிப்பேரில் நிற்பதால் இப்போது பார்ட்டி வரும்போதெல்லாம் என் ஜீப்பைத்தான் நாள் வாடகைக்கு எடுக்கிறார். பழைய ராணுவ ஜீப் என்றால் மெட்ராஸ்காரர்களுக்கு ரொம்ப ஆசை சார். ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம்கூட ஒரு மனை முடிந்தது.

இப்படிக்கு,
தேவசகாயம்


மே/பா 56 ஏ.பி.ஓ.
15.4.2003

அண்ணனுக்கு,

நான் சுகம். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தேவசகாயம் எழுதியிருந்தார். ஜீப் அவர் வீட்டுக்குப் போனது ஜூன் 29. "பழைய ஜீப்பை விற்கலாமா, நீ சொன்னால்தான் ஷோரூம் படியேறுவேன்" என்று நீங்கள் எனக்கு எழுதியது ஜூலை 14. உங்கள் கடிதத்தை எடுத்துத் தேதியை மறுபடி பார்த்துக்கொண்டேன். அப்படியானால் நீங்கள் அனுப்பியது அந்தப் பவர் தாளைத்தான். வண்டி அதற்குச் சுற்றிய காகிதம்.

கேஸ் போடு என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். போட மாட்டேன். கையெழுத்து என்னுடையதுதான். அண்ணிக்கும் எழுதிவிட்டேன், தோப்பை நான்தான் விற்கச் சொன்னேன் என்று. நீங்கள் சொன்ன பொய்யை இப்போது நானும் சொல்லிவிட்டேன், இனி அது உங்களுடையது மட்டும் இல்லை. பயப்படாமல் சாப்பிடுங்கள். திவ்யாவிடம் மட்டும் பொய் சொல்ல வரவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

பென்ஷனுக்கு எழுதவில்லை. இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கே இறங்குவேன் என்று தெரியாது. செய்யூர்ப் பெண்ணை விசாரிக்க வேண்டாம்.

ஜீப்பால் உங்கள் பேர் போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் உங்கள் பேரைப் பெரிதாக அதன் கண்ணாடியிலேயே எழுதிக் கொடுத்திருப்பேன்.

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் வீட்டிலிருந்து, "எப்போது வருகிறாய், எவ்வளவு அனுப்புகிறாய்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. முதல் தடவையாக நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்கு உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன். "எங்க அண்ணாத்த என்னக் கேக்காம வண்டி எடுக்க மாட்டாரு" என்று தமிழ் தெரியாதவனிடம்கூடச் சொன்னேன். மூன்று நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். கூட வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே இல்லை. பென்சில் குறி எங்கே என்று மட்டும் பார்த்தேன்.

வண்டி அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டீர்கள். தோப்பைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், அண்ணா. அதைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை.

ஹவில்தார் கே. ஏழுமலை